இரண்டு விரல்கடை கீழே

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என் உத்தியோகத்தின் பேர் குமாஸ்தா. செய்த வேலை வேறு. தமிழ் தெரிந்த ஒரு மனிதருக்குத் தமிழை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வதுதான் பாதி நாள் என் பிழைப்பாக இருந்தது.

அந்த மனிதர் எங்கள் சர்ஜன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். சீமைக்குப் போய்ப் படித்துத் திரும்பியவர். அவருடைய அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுவாள், தமிழில்தான் எழுதுவாள். அந்தக் கடிதங்களை வாங்கி அவர் மேஜையில் வைத்தவன் நான். அவற்றை அவர் படிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வார்டுக்குள் கால் வைத்ததும் அவருக்குத் தமிழ் மறந்துவிடும். கட்டிலில் கிடக்கிற ராயபுரத்து ஆள் ஒருவன் "வலி தாங்கல சாமி" என்றால், சர்ஜன் தலையை மெதுவாக என் பக்கம் திருப்புவார். நான் "பெயின், சார்" என்பேன். அதற்கப்புறம்தான் அவருக்கு அது வலி ஆகும்.

இந்தப் பக்கத்து ஜனங்கள் பேசுவது தமிழே இல்லை என்று மற்ற டாக்டர்களிடம் இங்கிலீஷில் சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்ட களை வரும்.

நானும் ராயபுரத்தில் பிறந்தவன்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். வீட்டில் "இன்னா" என்று பேசிவிட்டு ஆஸ்பத்திரி கேட் தாண்டியதும் "என்ன" என்று மாற்றிக்கொள்கிறவன். அந்த மாதிரி ஆளுக்கு சர்ஜனை ஏளனம் செய்ய யோக்கியதை கிடையாது. இருந்தும் தினமும் மனசுக்குள் ஏளனம் செய்தேன். இன்றைக்கும் செய்கிறேன்.

தோலில் வரும் புற்றை வெட்டி எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். இதை மறைத்துப் பேசினால் எனக்கு வாய் அழுகிவிடும். அவர் வெட்டின இடத்தில் புற்று திரும்ப முளைத்தது அபூர்வம். ஆனால் ஆள் பிழைத்ததைப் பற்றி அவர் சந்தோஷப்பட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் பேச்செல்லாம் தையலைப் பற்றி. முகத்துக்குக் குதிரைவால் மயிர், மற்ற இடத்துக்குப் பட்டு நூல், தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி, எத்தனாம் நாள் பிரிப்பது என்று மணிக்கணக்கில் பேசுவார். புண் ஆறின பிறகு ஸ்டூடியோக்காரரை வரவழைத்துத் தழும்பைப் போட்டோ எடுத்துத் தோல் அட்டை போட்ட ஆல்பத்தில் ஒட்டுவார். அந்த ஆல்பத்தில் ஆள் கிடையாது. ஒரு கன்னம், ஒரு புறங்கை, ஒரு இடுப்பு, ஒரு கெண்டைக்கால், அவ்வளவுதான். விருந்தாளி யார் வந்தாலும் கல்யாணப் படம் காட்டுவது போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் தன் தழும்புகளைப் பற்றிக் கட்டுரை படிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. படங்கள் மட்டும் போதாது, நோயாளிகளுக்கே திருப்திதான் என்று எழுதினால் கேட்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் கொடுத்தார். பழைய நோயாளிகளின் விலாசங்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய்த் தழும்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு மூன்று வகையாகக் குறித்துக்கொண்டு வரவேண்டும். பரம திருப்தி, திருப்தி, திருப்தி இல்லை.

"மூன்றாவது அதிகம் தேவைப்படாது" என்று இங்கிலீஷில் சொன்னார். நான் புரிந்துகொண்டேன். இந்த மாதிரி விஷயங்களைப் புரிந்துகொள்வதில் எனக்கு நிகர் கிடையாது.

முதலில் போனது ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு ரிடையரான ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டுக்கு. மூக்கோரத்தில் ஆறாமல் இருந்த புண்ணை வெட்டிக் கன்னம் வரை தைத்திருந்தார் சர்ஜன். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் அங்கே இருந்தார். நான் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் என் முழங்காலை அழுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் போனபிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கூட்ஸ் ஷெட்டில் திருட வந்தவனோடு சண்டை போட்டபோது கத்தி கிழித்த காயம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

"புத்துன்னு சொன்னா எவனும் நம்ம வீட்டுல ஒரு டம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டான் சார்" என்றார். "தழும்பு அருமையா இருக்கு. டாக்டரை நான் நமஸ்காரம் பண்ணேன்னு சொல்லுங்க."

பரம திருப்தி என்று எழுதிக்கொண்டேன். பொய் சொல்வதற்கு வசதியான தழும்பு என்று எழுத இடமில்லை.

அடுத்தது திருவொற்றியூர்க் கரையில் படகுகளுக்குத் தார் பூசுகிற ஒரு கிழவர். புறங்கையில் இருந்ததை வெட்டியிருந்தார்கள். தாராலேயே வந்தது, இனிமேல் தாரைத் தொடக்கூடாது என்று சர்ஜன் சொல்லி நானே அதை மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் முழங்கை வரை தாரோடு ஒரு படகின் அடியில் படுத்துக்கிடந்தார்.

"தழும்பு எப்டி கீது பெரியவரே?"

கையை நீட்டினார். "எங்க கீதுன்னு நீயே தேடிக்கோ" என்றார். கையில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"தார் வேல வாணாம்னு சொன்னாரே டாக்டரு."

"சொன்னாரு. வேற இன்னா வேலன்னு சொல்லலயே."

அவருக்குத் திருப்தி என்று போட்டேன். பரம என்பதைச் சேர்க்க என் கை கூசியது. என் நேர்மை அவ்வளவு தூரத்துக்குத்தான் நீளும்.

இப்படி ஒரு வாரம் அலைந்தேன். எல்லோரையும் இங்கே எழுதப்போவதில்லை. பட்டியலில் கடைசியாக இருந்தவள் காத்திவாக்கத்து மீனவப் பெண் ஒருத்தி. நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் இல்லை. கழிமுகத்தில் இறங்கி இறால் பிடித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு தானே விற்கப் போகிறவள். வருஷக்கணக்காக ஈரப்புடவையை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக்கட்டி, இடுப்பில் வலது பக்கம் தோல் தடித்து, வெளுத்து, புண்ணாகி, கடைசியில் புற்றாகிவிட்டது. அதை வெட்டித் தைத்ததுதான் சர்ஜனின் ஆல்பத்தில் முதல் பக்கம். அவர் தைத்ததிலேயே உத்தமமான தையல் அதுதான் என்பது அவர் கட்சி. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டின இடம், ஆறினபின் பென்சிலால் இழுத்த கோடு மாதிரி இருந்தது.

எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கி மணலில் நடந்து போனேன். அவள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கரைக்கு வந்தாள்.

"இன்னா நைனா, ஆஸ்பத்திரிலேர்ந்தா வர? மறுபடியும் அறுக்கணுமா?"

"அதெல்லாம் இல்லம்மா. தழும்பு எப்டி கீதுன்னு டாக்டரு கேட்டுகினு வரச் சொன்னாரு."

"தழும்பா? அத கேக்கவா ரயிலேறி வந்த?"

"பாக்க நல்லா கீதா? உங்களுக்குத் திருப்திதானா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனோ என்று சந்தேகம்.

"இடுப்புல கீற தழும்ப எவன் நைனா பாக்கப் போறான்? எம் புருசன் போய்ச் சேந்து ஆறு வருசம் ஆவுது."

நான் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, புடவைச் சொருகலைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினாள். கோடு சிவந்து போயிருந்தது. ஓர் இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"கோடு நல்லாதான் போட்டுக்கீறாரு. கொற சொல்ல மாட்டேன். ஆனா எங்க போட்டுக்கீறாருன்னு பாரு. சரியா பொடவ சொருவுற எடத்துல. கட்னா அறுக்குது. தண்ணில எறங்குனா உப்பு ஏறிகினு எரியுது. கூடய இடுப்புல வெச்சா அது மேலயே வந்து குந்துது. அங்க இறுக்கிக் கட்னதாலதான் புண்ணு வந்துச்சு, அங்க கட்டாதன்னு அவரே சொன்னாரு. அங்க கட்டாம எங்க கட்றது, கழுத்துலயா?"

"வேற எப்டி தைக்கறதும்மா?"

"ரெண்டு வெரல்கட கீழ இஸ்துத் தச்சிருந்தா எனக்கு ஒரு தொல்லயும் இல்ல. தோலு இஸ்தா வருமே. மீன அறுக்கறவளுக்கு அது தெரியாதா? அவரு கடலு தாண்டிப் போய்ப் படிச்சவரு. பொம்பள எந்த எடத்துல பொடவ கட்றான்னு அங்க சொல்லிக் குடுக்கலயா?"

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் இல்லை. வலை சரியாக விழவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் நோட்டில் பரம திருப்தி என்று எழுதினேன். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு வேறு எதையும் எழுத முடியாது.

திரும்பி வந்து கணக்கை ஒப்படைத்ததும் சர்ஜன் இன்னொரு யோசனை சொன்னார். அந்த மீன்காரியைக் கூட்டத்துக்கே அழைத்து வரவேண்டும். தழும்பை எல்லோரும் நேரில் பார்க்கட்டும். நான் மறுபடியும் காத்திவாக்கம் போனேன். அவள் வரமாட்டேன் என்றாள். ஒரு நாள் பிழைப்பு போய்விடும் என்றாள். அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

"பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் வராங்கம்மா. அவங்க முன்னால நேர்ல சொன்னீங்கன்னா மாத்தித் தச்சுக் குடுப்பாங்க."

அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவள் "மெய்யாவா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

கூட்டம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெரிய அறையில் நடந்தது. முப்பது நாற்பது டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் வெள்ளைக்காரர்கள். மிச்சம் எல்லாம் நம்மவர்கள், அதிலும் பாதிக்கு மேல் தமிழர்கள். கழுத்தில் டை, கையில் டீக்கோப்பை. அவள் சலவைப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். மேடையில் வெள்ளைத் துணித் தடுப்பு ஒன்று கட்டி, அதில் இடுப்பு உயரத்தில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டியிருந்தார்கள். அவள் பின்னால் நின்றால் தழும்பு மட்டும் ஓட்டையில் தெரியும். மானத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்று சர்ஜன் விளக்கினார். அந்தப் பெண் ஆயிரம் பேர் நடமாடுகிற சந்தையில் அதே இடுப்போடு கூடை சுமக்கிறவள். துணி அவளுக்காகக் கட்டினது இல்லை.

அவள் துணியைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, ஜன்னலு வெச்சிக்கிறீங்க?" என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் பதில் சொல்லாமல் அவளைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சர்ஜன் கட்டுரையை வாசித்தார். பிறகு டாக்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து ஓட்டையில் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒருவர் நகத்தால் கோட்டின் மேல் கீறிப் பார்த்தார். துணிக்குப் பின்னால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. அவர் "பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு சர்ஜன் என் பக்கம் திரும்பினார். தழும்பைப் பற்றி அவளுக்குத் திருப்தியா என்று கேட்கச் சொன்னார். நான் துணியைப் பார்த்துக் கேட்டேன்.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அன்று கரையில் சொன்னதைவிட விவரமாகவே பேசினாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல. உயிரைக் காப்பாற்றினதற்கு முதலில் ஒரு கும்பிடு போட்டாள். புடவை அறுப்பதைச் சொன்னாள், உப்புத்தண்ணீரைச் சொன்னாள், கூடையைச் சொன்னாள். இரண்டு விரல்கடை கீழே தோலை இழுத்துத் தைத்தால் போதும் என்றாள். மீன்காரிகள் எல்லோரும் அதே இடத்தில்தான் கட்டுகிறார்கள், நாளைக்கு இன்னொருத்திக்கு வந்தாலும் இதே கஷ்டம்தானே என்றாள். "மாத்தித் தச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும் சாமி" என்று முடித்தாள்.

சர்ஜன் சுவரில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு என் வாய்க்காகக் காத்திருந்தார். தமிழ் தெரிந்த இருபது டாக்டர்களும் காத்திருந்தார்கள்.

"வெரி ஹாப்பி, சார்" என்றேன்.

ஒருவர் இருமினார். ஒருவர் தன் டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார். வெள்ளைக்காரர் இருவரும் கை தட்டினார்கள், மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அந்த இருபது பேர் மேலும் எனக்கு அன்று வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. கேட்டும் கேட்காதது போல இருந்தவர்கள் அவர்கள். அப்படி இருக்க அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தவன் நான்.

கூட்டம் முடிந்ததும் அவள் வராந்தாவில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப மாத்தித் தைப்பாங்க?"

"பாக்கறேன்னு சொல்லிக்கீறாங்க."

"யாரு சொன்னது?"

நான் கேட் பக்கம் பார்த்தேன்.

"நா அவ்ளோ நேரம் பேசுனேன். நீ ரெண்டு வார்த்தயில முடிச்சிக்கினியே. இங்கிலீசு அவ்ளோ சின்ன பாசயா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா. சுருக்கமா—"

"எண்ணூரு பங்களால கீற தொரசானிங்களுக்கு எறா குடுக்கறவ நா. ஹாப்பின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்."

ஜட்கா வண்டி வைத்து ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன் என்றேன். காது கேட்காத மாதிரி கேட்டைத் தாண்டி நடந்து போனாள். வெயிலில் அந்தச் சலவைப் புடவையின் சொருகலை வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது.

அடுத்த சில வாரங்கள் நான் சர்ஜனை வெறுத்துக்கொண்டு சுகமாக இருந்தேன். அவர் நடக்கிற நடை, கைகழுவும் விதம், என் பக்கம் தலையைத் திருப்புகிற அந்தச் சோம்பல், எல்லாமே எனக்கு அசிங்கமாகப் பட்டது. ஒரு கேடுகெட்ட மனிதன் பக்கத்தில் இருந்தால் நாம் செய்ததெல்லாம் சின்னதாகத் தெரியும். அந்தச் சௌகரியத்தில் இருந்தேன்.

அப்புறம் புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆலையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கும் இடுப்பில் அதே இடத்தில் அதே மாதிரிப் புண். சர்ஜன் ஆபரேஷன் செய்தார். செய்ததை அவர் கிறுக்கலாக எழுதிக் கொடுப்பார், நான் அதை ரிஜிஸ்டரில் நல்ல கையெழுத்தில் ஏற்ற வேண்டும். அன்றைக்கும் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் பேனா நின்றது. மேல்பக்கத்துத் தோலை அடியிலிருந்து இளக்கிக் கீழே இழுத்து, தையல் வரி புடவைக் கட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே விழும்படி தைத்ததாக எழுதியிருந்தார்.

இரண்டு தடவை படித்தேன். அந்த இரண்டு விரல்கடையை நான் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். எழுத்து சரியாகப் புரியவில்லை என்று சாக்குச் சொல்லி, இந்த இடம் எதற்காக என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். தமிழில் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் தமிழ் அது. அவருடைய தாமிரபரணிக் கரைத் தமிழ், அப்படியே இருந்தது.

"அந்தப் பொம்பள அன்னைக்குச் சொன்னாள்லா. நீரு கேக்கலையா?"

ரிஜிஸ்டரை மூடிவிட்டு, அந்தம்மாளுக்கும் மாற்றித் தைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மறுபடியும் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். அவ்வளவு அழகாக ஆறின கோட்டைப் புத்தியுள்ள எந்த சர்ஜனும் திரும்பப் பிரிக்க மாட்டான் என்றார். அதோடு அது ஆல்பத்தின் முதல் பக்கம் என்றார். அந்த இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம் இல்லை. எனக்கு முதல் காரணத்தை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை தெரியவில்லை. டாக்டர் படிப்புப் படித்த வேறு ஒருவரிடம் கேட்டேன், அவரும் திரும்பப் பிரிப்பது நல்லதில்லை என்றுதான் சொன்னார்.

அதுவரை அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது. அவர் கேட்டார், புரிந்துகொண்டார், தெரியாதது போல நடித்தார், பிறகு அதைத் திருடித் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் புளியந்தோப்புப் பெண் ஒருத்தி நிம்மதியாகப் புடவை கட்டுவாள். என் காதிலும் அதே வார்த்தைகள்தான் விழுந்தன, அதுவும் இரண்டு தடவை. நான் அவற்றை வைத்து என்ன செய்தேன்? நோட்டில் பரம திருப்தி என்று எழுதினேன். மேடைக்குக் கீழே நின்று வெரி ஹாப்பி என்றேன். நான் ஏளனம் செய்த மனிதனுக்கு இருந்த காதுகூட எனக்கு இல்லை.

கட்டுரை பிற்பாடு அச்சிலும் வந்தது. அதில் நோயாளிகள் அனைவரும் திருப்தி தெரிவித்ததாக ஒரு வரி இருந்தது. இடுப்பில் தைக்கும்போது வரியைப் புடவைக் கட்டுக்குக் கீழே தள்ளிப் போடுவது நல்லது என்று ஆசிரியர் தம் அனுபவத்தில் கண்டதாக இன்னொரு வரியும் இருந்தது. அதற்கப்புறம் வந்த இடுப்புக் கேஸ்கள் எல்லாவற்றுக்கும் அப்படியேதான் தைத்தார். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து இளம் டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல செய்தி என்று நினைத்தேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று படிக்கிறவர்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு ரயிலேறினேன்.

அவள் கரையில் உட்கார்ந்து இறாலைப் பெரியது சின்னது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். புடவையை இப்போது விலாவுக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டியிருந்தாள். கர்ப்பிணிகள் கட்டுவது போல இருந்தது. கூட இருந்த பெண்கள் ஆரம்பத்தில் சிரித்திருப்பார்கள், இப்போது யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கூடையைத் தலைக்கு மாற்றிவிட்டாள் என்று பக்கத்தில் கிடந்த சும்மாட்டைப் பார்த்ததும் தெரிந்தது.

என்னைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். நீங்கள் சொன்னதை டாக்டர் கேட்டிருக்கிறார், இப்போது எல்லாருக்கும் கீழே தள்ளித்தான் தைக்கிறார் என்றேன்.

"எல்லாருக்குமா?"

"ஆமாம்மா. இதோட நாலு பேருக்கு தச்சிட்டாரு."

"எனுக்கு?"

"உங்களுது நல்லா ஆறிடுச்சாம். திரும்பப் பிரிச்சா கெட்டுப்போவும்னு சொல்றாரு."

அவள் ஒரு கை இறாலை அள்ளிப் பெரிய குவியலில் போட்டாள்.

"அந்தாளு காதுல வுழுந்துக்கீது. அப்ப நீ எதுக்கு நைனா நடுவுல நின்ன?"

அவள் அடுத்த கை இறாலை எடுத்தாள். "தள்ளி நில்லு, வெயில மறைக்கற" என்றாள். தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அவள் அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தாள் என்றும், புற்று திரும்பவில்லை என்றும், வயசாகித்தான் செத்தாள் என்றும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோயாளி சொல்லிக் கேள்விப்பட்டேன். சர்ஜன் பெரிய பதவிக்குப் போனார். போகும்போது எனக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். விசுவாசமானவன், இரண்டு பாஷையிலும் வல்லவன், நம்பகமான மொழிபெயர்ப்பாளன் என்று இருந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலை வாங்கினேன், சம்பளமும் கூடுதல்.